அறுபதாவது மணி

திங்கள் காலை ஏழு. க்ரோனிங்கனில் இன்னும் விடியவில்லை.
யெல்மரின் இடது தொடையில்
மீனெண்ணெய் மாத்திரை ஒன்றைப் பிளாஸ்டரால் ஒட்டுகிறேன்,
வெள்ளிக்கிழமை ஒட்டிய அதே மச்சத்துக்கு
இரண்டு விரற்கடை கீழே.
படத்தில் அது வெண்புள்ளியாகத் தெரியும்.
அளந்த இடத்தையே திரும்ப அளக்க வேண்டும்.

அவன் மூச்சில் அடிபட்ட ஆப்பிளின் வாசனை.
வெள்ளி இரவு பட்டாணி சூப். பிறகு தண்ணீர்.
பிறகும் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, வார்டு ஜன்னல்,
எதிர்த் தெருவில் யாரோ பொரிக்கும் மீன்.
"சனி மதியம்தான் மோசம்," என்கிறான்.
"அப்புறம் பசிக்கே என்மேல் சலித்துப் போய்விட்டது."

பால்காரன் அல்ல, பாலக்காரன் அவன்.
கால்வாயில் படகு வந்தால் மணியடித்துப்
பாலத்தைத் தூக்கிவிடுபவன்.
தண்ணீர் உறைந்துகிடக்கும் ஜனவரியில் வேலை இல்லை,
அதனால் எங்களிடம் வந்திருக்கிறான்.

குழாய் தட்டுகிறது, இரைகிறது, மறுபடி தட்டுகிறது.
திரையில் முதலில் தண்ணீர், மலையாக.
அதை அமுக்கிவிட்டால் ஓரத்தில் இரண்டு சிறு மேடுகள்:
தசை இழைகளுக்கு இடையே கிடக்கும் கொழுப்பு ஒன்று;
மற்றது உயிரணுவுக்குள்ளேயே,
மைட்டோகாண்ட்ரியாவின் தோளை உரசிக்கொண்டு
துளித்துளியாய் இருப்பது.

இவனுக்கு முன்னால் பதின்மூன்று பேரைப் பார்த்திருந்தும்
ஒவ்வொரு முறையும் என் கண்
அந்தத் துளியைக் கீழேதான் தேடுகிறது.
அது மேலே நிற்கிறது.
வெள்ளிக்கிழமையைப் போல ஒன்றரை மடங்கு.

"சத்தியமாக ஒரு பிஸ்கட் துண்டுகூட..."
தெரியும், யெல்மர்.
தராசு உன் பக்கம் பேசுகிறது, இரண்டு கிலோ எண்ணூறு குறைவு.
இரத்தமும் உன் பக்கம்தான்:
இன்சுலின் அடங்கிப்போனதும் வயிறு தன் மடையைத் திறந்து
கொழுப்பை வெளியே விட்டிருக்கிறது,
தேவைக்கு மேலேயே விட்டிருக்கிறது.

கால்சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தான்.
"படகு நூறு வருகிறது. என் பாலத்தில் அறுபதுதான் போகும்.
மிச்சம் கரையில் கயிறு கட்டி நிற்கும்.
ஊரில் வியாபாரம் செழிக்கிறதென்று
அதைப் பார்த்தவன் நினைப்பான்."

பேராசிரியை ஹாயிங்கா வேறு சொல்வார்:
பஞ்சம் வருமென்று பண்டம் பதுக்கும் வியாபாரி, தசை.
எனக்கு அது ஒட்டவில்லை.
பதுக்குகிறவன் பசித்திருப்பதில்லை.

ஒன்பது மணிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்.
முகம் சுளித்துக் குடித்தான்.
இரண்டு மணி நேரம் கழித்தும்
சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது,
கதவு திறக்காத வீட்டின் முன் விருந்தாளி போல.
மூன்று நாள் கழித்து வந்த இனிப்பை
அந்தத் தொடை ஏறிட்டும் பார்க்கவில்லை.
மூளைக்கென்று விட்டுக்கொடுத்ததா,
உள்ளே நிறைந்த கொழுப்பு வழியை அடைத்ததா?
எங்கள் அறைக்குள்ளேயே இரண்டு கட்சி.
காபி ஆறும்வரை சண்டை போடுவோம்.

கம்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வந்தன.
பாய்ந்து தின்பான் என்று நினைத்தேன்.
முதல் கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கி
வெகுநேரம் சும்மா இருந்தான்,
வாய்க்கு என்ன செய்வதென்று மறந்துவிட்டதுபோல.

அந்த இரண்டு மேடுகளின் அச்சுப் பிரதி வேண்டுமென்றான்.
சீட்ஸ்கேயிடம் காட்டவேண்டுமாம்:
குச்சியாய்த் திரும்பி வருவாய் என்று
பந்தயம் கட்டியிருக்கிறாள்.
நான்காக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
உறைந்த படிகளில்
கைப்பிடியைத் தொடாமலே இறங்கிப் போனான்.

பதினான்காம் எண் என்று கோப்பை மூடும்போதுதான் நினைவு வந்தது:
அந்த மீனெண்ணெய் மாத்திரை
இன்னும் அவன் தொடையிலேயே ஒட்டியிருக்கிறது.