நான்கு பல் தடம்

மீன் ஆலையில் எங்கள் ஷிப்டுக்குக் கடிகாரம் கிடையாது.
பெல்ட் நின்றால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.
அன்று பாதியிலேயே நின்றது.
என் இடது முன்கை அதற்குள் இருந்தது.

வெளியே மழை.
புவெர்த்தோ மோன்ட்டில் மழை என்பது
கடலில் உப்பு என்பதுபோல.
விசாரணையில் கேட்டார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

எலும்பு இருந்தது. விரல்கள் இருந்தன.
மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில்தான்
ஒன்றுமில்லை, வெள்ளையாகச் சில தசைநாண்கள் தவிர.
பதினோரு வருடம் சால்மனுக்குத் தோலுரித்தவள் நான்.
இந்த முறை மேசையின் மறுபக்கம்.

டாக்டர் ஓயார்சுன் பேனாவோடு வந்தார்.
கையைப் பார்க்க வந்தவர்
போர்வையை விலக்கித் தொடையைப் பார்த்தார்.
இடுப்பெலும்பிலிருந்து முழங்கால் சில்லுவரை
ஒரு கோடு, நடுவில் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் சின்னக் கருவியை வைத்து
இங்கும் அங்கும் நகர்த்தினார்.
உஷ், உஷ் என்றது தொடை.
“இதோ, இங்கேதான் ரத்தம் மேலேறி வருகிறது.”

அங்கேதான் நாய் கடித்த தழும்பும் இருந்தது.
காஸ்த்ரோவில், எட்டு வயதில்,
பக்கத்து வீட்டு மொட்டைவால். நான்கு பல்.
“இதுவும் சேர்ந்தே வரும்” என்றார்.
வரட்டும் என்றேன்.

பத்து மணி நேரம்.
முடியைவிட மெல்லிய நூலால்
தொடையின் குழாயைக் கையின் குழாயோடு தொடுத்தார்களாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
கண் விழித்தபோது அறை அடுப்படியாய்ச் சுட்டதும்
காபி கிடையாது என்று சொன்னதும்தான்.

ராத்திரியில் மணிக்கொரு தரம் மிரேயா வருவாள்.
என்னை நலம் கேட்கமாட்டாள், அதைத்தான் கேட்பாள்.
டார்ச் அடித்து நிறம்,
புறங்கை வைத்துச் சூடு,
அழுத்தி எடுத்து
வெளுப்பு எத்தனை நொடியில் சிவக்கிறது என்று
உதடு அசையாமல் ஒரு கணக்கு.

இரண்டாம் இரவு, மூன்றரை மணி.
மாக்கிப் பழம் தின்ற நாக்காய் அது கறுத்துக் கிடந்தது.
மிரேயா ஓடினாள்.
ஒற்றைச் செருப்பு என் கட்டிலடியில்.
உள்ளே போன ரத்தம் திரும்பி வர வழியில்லையாம்.
மறுபடி பிரித்து, மறுபடி தொடுத்து,
விடியும்போது அது
எதுவும் நடக்காததுபோல் இளஞ்சிவப்பாய்ப் படுத்திருந்தது.
செருப்பை எடுத்துக் கொடுக்க
எனக்கு வலது கை போதுமாக இருந்தது.

தொடை கைகொடுத்தது, வேறென்ன சொல்ல.
வெயில் அறியாத தோல் அது.
நான் கொஞ்சம் பருத்தால்
கையில் ஒரு மேடு எழுகிறது.
அதில் முளைக்கும் முடி காலுடைய முடி.
குளிரில் கை விறைக்கும்போது
தொடைத் தையலும் கூடவே இழுக்கிறது,
கொடுத்த கடனை மறக்காதவள் மாதிரி.

இழப்பீட்டுக்குத் தழும்பு எண்ண வந்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
“இந்த நான்கு துளையும் எந்த இயந்திரம்?”
நாய் என்றேன்.
“ஆலைக்குள் நாயா?”
“இல்லை, காஸ்த்ரோவில். காலில்.”
பேனா நின்றது.
படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு
‘இதர’ என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார்.

எலியாசருக்குப் பன்னிரண்டு.
மடியில் உட்காரும் வயது போய் வெகு நாளாயிற்று.
நேற்றுப் பேருந்தில் தூங்கிச் சரிந்து
என் முன்கைமேல் தலை போட்டான்.
கன்னத்துக்கடியில் அவன் பழைய மடி.
எங்கள் நிறுத்தம் வந்தது, போயிற்று.
நடுவில் எனக்கு இன்னும் ஒன்றும் தெரிவதில்லை.
ஓரத்தில் மட்டும், தையல் முடிகிற இடத்தில்,
அவன் மூச்சு கொஞ்சம் சுட்டது.