ஏழு சதவீதம்

ஐம்பது என்கிறது குரல். நாற்பது. முப்பது.
இருபதில், "குறை, குறை" என்று அதட்டுகிறது,
பொறுமை போன வகுப்பாசிரியை மாதிரி.
குறைத்துவிட்டேன் டீச்சர்,
நெம்புகோல் இரண்டும் அடியில் முட்டி நிற்கின்றன,
நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
விமானத்துக்குத்தான் இறங்க மனமில்லை.
ஓடுபாதைக்கு ஓர் ஆள் உயரத்தில்
வழுக்கிக்கொண்டே போகிறது.

ஒருவழியாகச் சக்கரம் தொட்டது.
இறக்கைத் தகடுகள் எழவில்லை.
எஞ்சின் ஓய்ந்ததென்று நம்பினால்தான் எழும்,
யாரோ நம்பவிடாமல் வைத்திருக்கிறார்கள்.
பாதை தீர்ந்து, விளக்குகள் தீர்ந்து,
பனிமேட்டில் மூக்குக் குத்தி நின்றோம்
நானும், இல்லாத நூற்று எழுபது பயணிகளும்.

அந்த மேட்டை எனக்குத் தெரியும்.
நிஜத்தில் அதைக் குவித்தவன் நான்.
ஔலு விமான நிலையம், பனிவாரி மூன்று,
ஓட்டுநர் என்சியோ. இரவெல்லாம் வாருகிறேன்,
பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு
வாரிய பாதையிலேயே வந்து இறங்கப் பார்க்கிறேன்.

பிப்ரவரி முழுக்க இதே கதை.
பெட்டியைக் கழற்றிப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன்.
ரொட்டித் துகள் வந்தது, நாய்முடி வந்தது
(நாய் போய் இரண்டு வருஷம்).
அளவு திருத்தினேன், மறுபடி திருத்தினேன்.
கீழ்முனையில் ஐந்து சதவீதம் செத்த இடம் விட்டேன்,
பிறகு பத்து.
கம்பி மாற்றினேன், துளை மாற்றினேன்,
எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றியதில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.
திரையோரத்தில் அந்தப் பச்சைக் கோடு மட்டும்
பூஜ்யத்துக்கு வராமல்
ஏழில் நின்று லேசாக நடுங்கியது.
சில சமயம் எட்டு.

வியாழன் இரவு, மைனஸ் இருபத்து மூன்று.
ஐந்து வண்டிகள் சாய்வரிசையில்,
ஒருத்தர் தள்ளியதை அடுத்தவர் வாங்கித் தள்ளியபடி.
நடுப்பாதையில் நான் கோபுரத்தைக் கூப்பிட்டேன்.
அதே நொடியில் இரண்டாம் வண்டி கைசுவும் கூப்பிட்டாள்.
வானொலியில் ஒரு கீச்சொலி, அவ்வளவுதான்.
"யாரோ இரண்டு பேர் ஒரே நேரத்தில்
பொத்தானை அமுக்குகிறீர்கள்," என்றது கோபுரம்,
"ஒருத்தர் கையை எடுங்கள்."

மிச்ச இரவு எப்படி வாரினேனோ.

காலையில் பூட்ஸ் கழற்றாமல் மேசையடியில் தவழ்ந்தேன்.
ஹீட்டருக்குப் பின்னால் ஒரு கறுப்பு வயர்,
அதன் நுனியில், அலமாரி இடுக்கில்,
விர்ப்பியின் ஜாய்ஸ்டிக்.
வலது இருக்கை அவளுடையது.
ரோவானியெமிக்கு வேலை மாற்றிப் போனபோது
காப்பிக் கெண்டியைக்கூட எடுத்துப்போனாள்,
இதை மறந்துவிட்டாள், அல்லது மறக்கவில்லை.
பக்கவாட்டில் அந்தச் சின்ன விசைத்தள்ளி,
முழுக்க மூடாமல், ஒரு நூல் மேலே.
அப்படித்தான் வைப்பாள்.
"அடியோடு மூடினால் கல் மாதிரி விழுந்துவிடும் என்சியோ,
கொஞ்சம் மிச்சம் வை."
நான் சிரிப்பேன். பிறகு சண்டை வரும்.
சண்டை விமானத்தைப் பற்றி இருக்காது.

பிடுங்கிவிடலாம், ஒரு விநாடி வேலை.
தூசியை ஊதினேன், பிடுங்கவில்லை.
அமைப்புகளுக்குள் போய்
அவள் பெயரில் இருந்த எஞ்சின் அச்சை மட்டும்
நீக்கு என்று கொடுத்தேன்.
நிச்சயமா என்று கேட்டது.
கணினிகள் எல்லாவற்றுக்கும் கேட்கின்றன.

இருபது. குறை, குறை. குறைத்தேன்.
கல் மாதிரித்தான் விழுந்தது, சரியான இடத்தில்.
தகடுகள் எழுந்தன. பாதி ஓடுபாதை மிச்சம்.
கைதட்ட யாருமில்லை, நானும் தட்டவில்லை.
வலது இருக்கையின் சுக்கான் கட்டுப்பாடு
இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது,
அது எதையும் கெடுக்கவில்லை.

மதியம் தூங்கி எழுந்தபோது கைசுவின் செய்தி:
"எட்டு சென்டிமீட்டர் பனி வருது. சீக்கிரம் வா.
கோபுரத்தை இன்னைக்கு நான் கூப்பிடுறேன்."