தீர்மானப் புத்தகம்

கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
என்னிடம் கொடுத்தார்கள் இந்த நோட்டை.
பள்ளி மேலாண்மைக் குழு, எர்ணாவூர்.
மஞ்சள் அட்டை.
அட்டைமேல் விரல் வைத்தால்
விரல் கறுக்கும்.

முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர்.
இரண்டாவதற்கு மூன்று பேரும் ஒரு நாயும்.
டெய்லர் தௌலத்தான் ஆரம்பித்தாள்:
திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன்,
வியாழக்கிழமை வந்து கேட்கிறார்கள்
சாம்பல் கலரில் துணி இருக்கா என்று.
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு இருமலாகி, நிற்க நேரம் பிடித்தது.
அதையும் எழுதட்டுமா என்றேன்.
எழுதும்மா, என்றார் தலைமையாசிரியர்,
நான் சொன்னதாக மட்டும் எழுதாதே.

மூன்றாவது கூட்டம், நிலம்.
காகிதத்தில் பள்ளிக்கு அறுபத்திரண்டு சென்ட்.
நீல முத்திரையோடு 'விளையாட்டுத் திடல்' என்றிருக்கிறது.
நேரில்
பெட்டிமேல் பெட்டியாய்க் கண்டெய்னர்.
யார்டை மேடாக்கச் சாம்பல் கொட்டினார்கள்,
தண்ணீர் பள்ளம் தேடியது,
பள்ளிக்கூடம் பள்ளமாயிற்று.
போன ஐப்பசியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
பெஞ்சுமேல் சம்மணமிட்டு
ஆத்திசூடி சொன்னார்கள், கீழே ஒரு தவளை.

சர்வேயருக்கு மனுப் போட்டு ஏழு மாதம்.
தௌலத் தன் டேப்பை எடுத்தாள்,
ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதே டேப்.
ஐந்து ஐந்து அடியாகக் குனிந்து குனிந்து
பதினோராவது மடிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.
மெட்டில்டா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு
வலைக்கயிறு கொண்டுவந்தாள், முழத்துக்கொரு முடிச்சு.
பர்னபாஸ் கணக்குக் கூட்டினார்,
என் மகள் சரிபார்த்தாள்
(ஆறாம் வகுப்பு; பரப்பளவு அந்த வாரம்தான் நடந்திருந்தது).
முப்பத்தொன்பது சென்ட்.
மீதியை யாரோ மென்று விழுங்கியிருக்கிறார்கள்.
ஏப்பம் மட்டும் இரும்பு கேட்டுக்குள்ளிருந்து
டீசல் வாடையாய் வருகிறது.

தீர்மானம் எண் ஏழு:
காலையிலும் மாலையிலும் பள்ளி வாசலை மறித்து நிற்கிற
டிரெய்லர்களின் நம்பர்கள், ஒரு வாரத்துக்கு.
பர்னபாஸ் சொல்லச் சொல்ல எழுதினேன்.
நான்காவது நம்பரில் பேனா நின்றது.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.
ஆயுத பூஜைக்கு அதன் சக்கரத்தடியில்
எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்.
எங்கள் வீட்டு வாடகை, அரிசி,
மகளின் கண்ணாடி எல்லாம்
அந்தப் பதினெட்டுச் சக்கரத்தில் உருண்டு வருவது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
எழுதினேன்.
கடைசி ஏழை மட்டும் ஒன்றாக எழுதினேன்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தவர்
தட்டுக்குப் பக்கத்தில் நோட்டை விரித்து வைத்துப் படித்தார்.
மெதுவாகத்தான் படிப்பார்.
மின்விசிறி ஓடியது. மகள் தூக்கத்தில் இருமினாள்,
இரண்டு முறை, பிறகு ஒரு முறை.
இன்னாமே, கண்ணு தெரியலயா உனக்கு?
இது ஒண்ணு இல்ல. ஏழு.
சோற்றுக் கையாலேயே பேனா வாங்கி
அடித்துத் திருத்தினார்.
பேட்டா போயிடும், என்றார்.
கொஞ்சம் ரசம் ஊத்து.

இப்போது வண்டியை மணலி பக்கம் விட்டுவிட்டு
வீட்டுக்கு நடந்து வருகிறார்.
வாசலில் நின்ற பதினோரு வண்டியில் மூன்றுதான் நகர்ந்திருக்கிறது.
சர்வேயர் ஒருநாள் வந்தார்,
சங்கிலி கொண்டுவர மறந்துவிட்டார்.

மண்டல அலுவலகத்தில் அதிகாரி
பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
நான்காவது நம்பர்மேல் இது என்ன கறை?
தௌலத் என்னைப் பார்த்தாள்.
மீன்குழம்பு சார், என்றேன்.
தேதி போட்டு வாங்கிக்கொண்டார்.