பெயர்ப் பட்டை

பெல்ட், தொப்பி, விசில், லத்தி.
ஒப்படைக்க வேண்டிய பட்டியலில் இது இல்லை.
கறுப்பு பிளாஸ்டிக், வெள்ளை எழுத்து, பின்னால் ஓர் ஊசி.
"நீங்களே வச்சுக்கங்க சார்" என்கிறான்
எனக்குப் பாதி வயதுகூட ஆகாத ஸ்டோர் குமாஸ்தா.

ஞானஸ்நானத்தில் இருதயநாதன்.
பட்டையில் அவ்வளவு இடமில்லை.
எண்பத்தாறில், இதே ஜன்னலில், ருத்ரப்பா
பெயரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
"நாத்" என்று கன்னடத்தில் வெட்டக் கொடுத்தார்.
இருதயம் போனது பற்றி அன்று எனக்குப் புகார் இல்லை.
சம்பளம் எழுநூற்றுச் சொச்சம்.

சாம்பியன் ரீஃபில் அப்பா
தலையில் விளக்கு கட்டிக்கொண்டு இறங்குவார்.
எனக்குக் கையில் டார்ச்.
கேம்பிரிட்ஜ் லேஅவுட், டாக்டர் வீட்டு கேட்,
கயிற்றில் தொங்கும் பாயிண்ட் புத்தகம்.
இரவு இரண்டே முக்கால். நாத்.
மறு இரவு இரண்டே முக்கால். நாத்.
அந்த வீட்டு நாய்க்குத் தெரியும் நான் பொய் எழுதியதில்லை என்று.

மகஜரைக் கன்னடத்தில் எழுதப் பழகினேன்,
கன்னடத்தில் அதட்டவும், கன்னடத்தில் கனவு காணவும்.
மீட்ட நகையை எண்ணும்போது மட்டும்
உள்ளுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு.

பிறகு காவிரிக்காக ஊர் எரிந்த டிசம்பர்.
ஸ்ரீராமபுரம், மூன்றாம் கிராஸ், நான் ஒற்றை ஆள்.
மண்ணெண்ணெய் டின்னோடு நாற்பது பேர்.
ஒருவன் குனிந்து என் மார்பைப் படித்தான்.
"நம்மவரு" என்று தோளில் தட்டினான்.
அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தாள் அவள்.
"ஐயா, நீங்க தமிழா? புள்ளைக்குச் சுரம்யா."
முதுகுக்குப் பின்னால் நாற்பது ஜோடிக் காது.
"ஒளகே ஹோகம்மா" என்றேன்.
கேட்காத மாதிரி நின்றாள்.
"ஹோகு!"
லத்தியால் கதவில் ஓங்கி அடித்தேன்.
மூடிக்கொண்டது.

விடியும்வரை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றேன்.
தெருமுனையில் அவளுடைய இஸ்திரி வண்டி எரிந்தது.
கரி அதிலேயே இருந்தது,
வந்தவர்களுக்கு வேலை மிச்சம்.
குழந்தை இருமுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.
தூங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்,
இன்னும் அப்படித்தான்.
தினக்குறிப்பு: மூன்றாம் கிராஸ், அசம்பாவிதம் ஏதுமில்லை.

ஏட்டு. ஏ.எஸ்.ஐ. கடைசியில் தோளில் இரண்டு நட்சத்திரம்.
பணிப் பதிவேட்டில் நற்சேவைக் குறிப்பு பதினான்கு.
கறுப்புப் புள்ளி ஒன்றே ஒன்று:
குடியரசு தின அணிவகுப்பு, பூட்சில் பாலிஷ் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கிழவி வந்தாள்.
ரேஷன் கார்டு தொலைந்துவிட்டது, கடிதம் வேண்டும்.
முகம் எனக்குப் பிடிபடவில்லை.
பெயர் சாலம்மா. தொழில் இஸ்திரி.
விலாசம் எழுதும்போதுதான் பேனா நின்றது.

"உக்காருங்கம்மா. எப்பத் தொலைஞ்சுது?"
அவள் பட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"ஷனிவார, சார். பஸ்னல்லி."
"வீட்ல யார் யாரு இருக்கீங்க?"
"மகளு, மொம்மகளு."
மகனைப் பற்றி நான் கேட்கவில்லை.
"டீ சாப்பிடறீங்களா?"
"பேட, சார்."
ரைட்டர் மஞ்சேகவுடா
ஒருமுறை அங்கே, ஒருமுறை இங்கே திரும்பி
டென்னிஸ் பார்ப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.
கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள்,
எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல்.
கீழே நான். நாத். முத்திரை.

காகிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு
வாசற்படியில் இறங்கும்போது அவள் போன் அடித்தது.
"ஆச்சுடி, ஆச்சு. போலீஸ்காரன் குடுத்துட்டான்.
சோத்த வடிச்சு வை, தோ வந்துட்டேன்."