என் முறை

மீனாட்சிபுரம் எடைமேடையில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
கண்ணாடிக் கூண்டு, ரசீது மிஷின், ஒரு ஃபேன்.
கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் அதுவும் வேண்டாம்.
மடியில் கேம் மிஷின்,
தவணையில் வாங்கியது, இன்னும் நாலு பாக்கி.

நாலு பேராகப் போகிறோம்.
வாள்காரனுக்கு ஒசேப்பு என்று பெயர் வைத்தேன்,
செங்கல் லோடு ஓட்டும் ஒசேப்பு,
முதல் அடியை எப்போதும் அவனே வாங்குவான்.
வைத்தியச்சி பீவாத்து, எதிர்க்கடைக் கட்டன்சாயா.
மந்திரக்காரி நான்.
நாலாவது ஒரு நரி. பெயர் கேட்டது,
யோசித்து யோசித்து
'நரி' என்றே அடித்தேன்.

ஏரிக்கு அடியில் அந்தப் பூதம்.
ஏழு கண், ஒவ்வொரு கண்ணுக்கும் தனி உயிர்.
மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறோம்.
நேற்று ஒசேப்புக்கு விஷம் ஏறி
பீவாத்து சாய்ந்து, நரி தூங்கிப்போய்,
மந்திரமெல்லாம் தீர்ந்த நான்
கைத்தடியால் ஒரு போடு போட்டேன்.
குறைந்தது ஒரே ஒரு புள்ளி.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இன்று ஆறு கண் மூடியாயிற்று.
திரையில் எழுத்து: உன் முறை.

அப்போதுதானா ஹாரன்.
தேங்காய் லாரி, பின்னால் வைக்கோல், அதற்கும் பின்னால் கோழி.
"இருபத்தாறு டன் நானூற்றிருபது."
"அத்ரயோ?" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறான்.
கிளீனரை இறங்கச் சொல்கிறேன்.
ஐம்பது கிலோ குறைகிறது.
"இவன் இவ்வளவுதானா" என்று அவனே சிரிக்கிறான்.

திரும்பிப் பார்த்தால்
பூதம் அங்கேயே.
திறந்த வாய் மூடாமல், லேசாக ஆடிக்கொண்டு,
மிச்சக் கண் என்மேல்.
கோழிக்காரனுக்கு நான் சில்லறை எண்ணி முடிக்கும்வரை
ஒரு நகம்கூட அசைக்கவில்லை.
என் முதலாளிக்கு இந்த மரியாதை தெரியாது.

பையில் அமுதக் குப்பி தொண்ணூற்றொன்பது.
ஒன்றைக்கூட உடைத்ததில்லை,
பின்னால் எதற்காவது ஆகும் என்று.
பீவாத்துவின் உயிர்க்கோடு சிவப்பில் துடிக்கிறது.
ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிஜ பீவாத்து
பாய்லரைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.

உடைத்தேன்.
சீட்டுப் பணத்தில் கை வைத்த மாதிரி வயிறு கலங்கியது.
பீவாத்து எழுந்தாள்.
ஒசேப்பு வீசினான், தவறியது.
நான் நெருப்பு எறிந்தேன், போதவில்லை.
பிறகு நரி,
இத்தனை நாளும் தூங்குவதற்கென்றே வந்த நரி,
பாய்ந்து ஒரு கடி.

ஏழாவது கண் மூடியது.
நாற்காலி சாய, கூண்டுக்குள் எழுந்து நின்றேன்.
மேடையில் எப்போதோ ஏறி நிற்கிறது ஒரு மணல் லாரி.
"எத்ரயா சேச்சி?"

"தொண்ணூற்றெட்டு" என்றேன்.