ஆற்றில் தண்ணீர் வந்தால்

மூன்றாம் வகுப்புக்கு நான் எடுத்துப்போனது
ஒரு ஷூ பெட்டி.
ஆம்பூர்க் கம்பெனி முத்திரை பாதி கிழிந்தது.
உள்ளே நாலு பேட்டரி, இரண்டு மோட்டார்,
அடியில் ஊறுகாய் டப்பா மூடிச் சக்கரங்கள்.
முதுகில் நாலே பொத்தான்:
முன்னே, பின்னே, இடம், வலம்.

"இதுக்குக் கண்ணு இல்லியா?" என்றாள் லோகப்பிரியா.
இல்லை.
"காது?"
இல்லை.
"அப்புறம் இன்னா ரோபோ?"
நான் பதில் யோசிப்பதற்குள்
ஸ்கெட்ச் பேனாவால் கண் வரைந்துவிட்டான் ஏசுபாதம்,
ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.
பெயரும் வந்துவிட்டது: கட்டெறும்பு.

அதைத் தொடுவதற்கு முன்
நானே ரோபோ ஆகி நின்றேன்.
"கொஞ்சம் முன்னால போக்கா."
அசையவில்லை.
கொஞ்சம் என்றால் எத்தனை?
விருதம்பட்டில் யாரும் அதை எண்ணிப் பார்த்ததில்லை.
கொஞ்சம் தள்ளி உக்காரு,
கொஞ்சம் சாம்பார் ஊத்து,
கொஞ்ச நேரத்துல வந்துடறேன் என்று
ஓவர்டைம் போகும் அம்மா
எட்டு மணி வரை நீட்டும் கொஞ்சம்.

"சரி, மூணு அடி" என்றான் தீனதயாள், அரை மனதாக.
மூன்று அடி வைத்தேன்.
கரும்பலகையில் மூக்கு இடித்தது.
வகுப்பு சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறையில் ஏழாம் வாய்ப்பாடு நின்றுபோனது.
ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை.
"தப்பு நம்மளுது.
அவங்க சொன்னதத்தான் செஞ்சாங்க" என்று
விரல் மடக்கி மறுபடி எண்ணினாள்.

பிறகு தரையில் ஊரை வரைந்தேன்.
வடக்கே காட்பாடி ஜங்ஷன்,
தெற்கே புது பஸ் ஸ்டாண்டு,
நடுவே நீலச் சாக்பீஸில் பாலாறு,
ஓரமாய் ஒதுங்கி வெள்ளைக் கோட்டில் பாலம்.
கட்டெறும்பு அக்கரை சேர வேண்டும்.
என் கணக்குக்குப் பன்னிரண்டு கட்டளை.
முந்தின இரவே சரிபார்த்து
விடைத்தாளைப் பையில் மடித்து வைத்திருந்தேன்.

புவியரசு எழுதியது ஐந்து.
முன்னே முன்னே முன்னே முன்னே முன்னே.

கட்டெறும்பு நீலத்தில் இறங்கியது,
மூடிகளில் சாக்பீஸ் தூள் ஒட்டிக்கொள்ள
அக்கரை ஏறியது.

"டேய், அது ஆறுடா."
"ஆமாக்கா, ஆறுதான்.
தண்ணி எங்க கீது?
நாங்க டெய்லி அப்டிதான் வரோம்.
பாலம் சுத்து."

ஜன்னலுக்கு வெளியே
சீமைக் கருவேலமும் வெறும் மணலுமாய்
ஆறு அவன் பக்கம் சாட்சி சொன்னது.
நான் விடைத்தாளை வெளியே எடுக்கவில்லை.

"அன்னிக்கி வந்துச்சே" என்றாள் ரிஸ்வானா.
"எங்க வூட்டு கேஸ் அடுப்பு கூட மிதந்துச்சு.
அப்டி வந்தா இது இன்னா பண்ணும்?"
எல்லோரும் ஷூ பெட்டியைப் பார்த்தார்கள்.
அட்டை. நனைந்தால் அவ்வளவுதான்.

புவியரசு ரப்பரைக் கடித்தான்.
கடித்ததைத் துப்பினான்.
"தண்ணி வந்தா பாலம்.
இல்லாங்காட்டி நேரா."

'வந்தால்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குத்தான்
அடுத்த வாரம் ஒரு முழுப் பாடம் வைத்திருந்தேன்,
அம்புக்குறி போட்டு, வண்ணம் தீட்டி.

"தண்ணி வந்துச்சுன்னு அதுக்கு எப்டித் தெரியும்?"
லோகப்பிரியா விடுவதாயில்லை.
"நான்தான் மொதல்லயே கேட்டேனே,
கண்ணு இல்லியான்னு."
ஏசுபாதம் வரைந்த பெரிய கண்
எதையும் பார்க்காமல் விழித்துக்கொண்டிருந்தது.

மணி அடித்தது. பையோடு பறந்தார்கள்.
தாழ்வாரம் நெடுக நீலக் கால் தடம்.

திரும்பும்போது பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
முன்னால் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி.
விடைத்தாளின் பின்பக்கம் எழுதினேன்:
செம்புக் கம்பி இரண்டு,
சின்ன பஸ்ஸர் ஒன்று,
ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஹெச்.எம்.மிடம் அனுமதி.

தலை நிமிர்ந்தபோது
கீழே மணலில் ஒரு நீல யூனிஃபார்ம்
பையைத் தலையில் மாட்டிக்கொண்டு
குறுக்கே போய்க்கொண்டிருந்தது.
கை அசைத்தேன்.
அவன் பார்க்கவில்லை.
முன்னே, முன்னே, முன்னே.
பஸ் இன்னும் கிளம்பவில்லை.