சாம்பாருக்கு அல்ல

பொட்டலத்தின் முதுகில் போட்டிருந்தது:
கடைசி உறைபனி போனபின் நடவும்.
லாபிஸில் உறைபனி
என் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான்.
அங்கேயே வைத்தேன்,
நெத்திலிக்கும் தீபாவளியில் மிஞ்சிய ஆட்டுக்கறிக்கும் நடுவே
பதினொரு விதைகள்.
ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு,
தபால் செலவு தனி.

பட்டாணிதானே, என்றார் தவநேசன்,
லிம் கடையில் கிலோக்கணக்கில் கிடக்கிறது.
இது தின்கிற பட்டாணி இல்லை.
பிறகு?
மோந்து பார்க்க.
ஒரு சிரிப்பு அவர் வாய்வரை வந்து
வாசலிலேயே செருப்பு மாட்டித் திரும்பிப் போனது.

காய்ச்சல் வந்து மூன்று வருஷம்.
போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.
மில்லு எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்,
வெறுமனே இறங்கும்,
நான் சீட்டு கிழிப்பேன்.
கழிவுக்குளத்துக் காற்று திரும்பும் சாயங்காலம்
தாமான் முழுக்க ஜன்னல் சாத்தும்.
அக்கா, உங்களுக்கு நாறவே இல்லையா என்பார்கள் டிரைவர்கள்.
இல்லை.
சோறு அடிப்பிடித்ததையும்
சாம்பிராணி அணைந்ததையும்
கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்கிறவள் நான்.

தினமும் எதையாவது மோந்து பழகுங்கள் என்றாள் கிளினிக் தாதி.
மல்லிகையை மோந்தால்
மனசு பழைய மல்லிகையை எடுத்து நீட்டுகிறது,
வந்துவிட்டது என்று நானும் ஏமாந்துபோகிறேன்.
அதனால்தான் இந்தப் பூ.
இதன் வாசனை எனக்குத் தெரியவே தெரியாது.
வந்தால், அது மூக்கு வழியாகத்தான் வரவேண்டும்.

நகவெட்டியால் தோல் கீறி
இரவெல்லாம் ஊறவைத்து ஊன்றினேன்.
ஏழு முளைத்தது.
இரண்டை நத்தை தின்றது.
நாலு, பத்து மணி வெயிலுக்கே தலை தொங்கி
பதினோரு மணிக்கு நூலாகிவிட்டது.
மிஞ்சிய ஒன்றுக்குத்
தினமும் மத்தியானம் தொட்டியில் ஆறு ஐஸ்கட்டி வைத்தேன்.
கேமரன் மலையில் பூப்பதை
இங்கே வந்து பூக்கச் சொல்கிறாயே என்று
எதிர்வீட்டு மக்சிக் ரொகாயா
எனக்காக இல்லை, கொடிக்காக வருத்தப்பட்டார்.

டிசம்பர் மழையில் அது
ஆஸ்ட்ரோ தட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.
ஆற்றில் வெள்ளம் ஏறியிருந்த ஒரு வியாழக்கிழமை,
ஒரே காம்பில் இரண்டு பூ.
வெளிர் ஊதா. ஓரம் மட்டும்
வெள்ளைத் துணியில் நீலம் கூடிப்போன மாதிரி.

குனிந்தேன்.
மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
குளிர்ச்சி மட்டும்.
இன்னொரு தரம்.
குளிர்ச்சிகூட இல்லை.

சரி, ஊரைக் கூப்பிடுவோம்.
மக்சிக் சொன்னார்: தேன், கொஞ்சம் எலுமிச்சைத் தோல்.
புல் வெட்ட வந்த ரஃபிக்குல்
மெஷினை அணைத்து, கையைத் துடைத்து, மோந்து,
சோப்பு என்றான். விலை கூடின சோப்பு.
என் மகன் யுகேந்திரன்: டீச்சர் கார் மாதிரி.
எந்த டீச்சர்?
சிரித்துக்கொண்டு ஓடிவிட்டான்.
தேன், எலுமிச்சை, சோப்பு, டீச்சர் கார்.
நாலையும் சேர்த்துப் பார்த்தேன்.
சேரவில்லை.

கடைசியாகத் தவநேசன்.
குனிந்தார், நிமிர்ந்தார்.
ஒன்றும் இல்லையே, வெறும் பூ, என்றார்.
எனக்கு ஏனோ சோறு இறங்கியது அன்றைக்கு.

இரவு பதினொன்றரை.
தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சமையலறை ஜன்னல் வழியே
வெளியே டார்ச் லைட்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
கம்பியருகே குனிந்திருந்தார்,
வெகுநேரம்.
ஒன்றும் இல்லாததை
அவ்வளவு நேரமா மோப்பார் ஒரு மனிதர்?
நான் விளக்கைப் போடவில்லை.

பூ நாலு நாள் இருந்தது.
ஒன்று காய்த்தது.
நெத்திலிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டப்பா,
உள்ளே நாலு விதை.
பட்டாணி என்று யாராவது வேகவைத்துவிடாமலிருக்க
மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்:
விஷம். சாம்பாருக்கு அல்ல.
அதன் கீழே, என்னுடையது அல்லாத கையெழுத்தில்:
ஐஸ் வாங்க மறக்காதே.